நாற்பது கிராம் ட்ரிகர்

ஜூன் 1, ஞாயிறு

புள்ளி: 609.8
மனசு: எரிச்சல்
உடம்பு: நன்றாக இருக்கிறது
ட்ரிகர்: குப்பை

கிளப்பில் சுடுகிற எல்லோரும் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்று செயலாளர் தண்டபாணி சார் சட்டம் போட்டு மூன்று வருடம் ஆகிறது. புள்ளியை மட்டும் எழுதினால் போதாதாம். அன்றைக்கு மனசு எப்படி, உடம்பு எப்படி என்றும் எழுத வேண்டுமாம். மற்றவர்கள் இரண்டு வரியோடு மூடிவிடுகிறார்கள். எனக்கு வாயும் நீளம், பேனாவும் நீளம்.

இன்று சுட்ட அறுபது குண்டுகளில் ஏழு, நான் நினைக்காத நேரத்தில் கிளம்பிப் போயின. என் காற்றுத் துப்பாக்கியின் ட்ரிகர் இரண்டு கட்டமாக வர வேண்டும். முதலில் சும்மா பின்னால் இழுபடும். பிறகு ஓரிடத்தில் முட்டி நிற்கும். அந்த முட்டில் விரலை வைத்துக் காத்திருந்து, குறி சரியாக உட்கார்ந்ததும் ஒரு மயிரிழை அழுத்தினால் குண்டு போகும். முட்டுதான் எல்லாம். அந்த முட்டைத்தான் இரண்டு மாதமாகக் காணோம். எட்டு வருடம் உழைத்த ட்ரிகர், தேய்ந்துவிட்டது. மாற்ற வேண்டியதுதான்.

ஜூலை 6-ஆம் தேதி, மாநிலப் போட்டிக்குப் போகும் மாவட்ட அணிக்கான தேர்வு. பெண்கள் பிரிவில் மூன்று இடம். இரண்டு இடம் ஏற்கெனவே உறுதி மாதிரிதான். மூன்றாவது இடம் எனக்கா, யமுனாவுக்கா என்பதுதான் கேள்வி. இரண்டு வருடம் தொடர்ந்து நான்காவதாக வந்தவள் நான். நாற்பத்து நாலு வயதில் மூன்றாவது முறையும் நான்காவதாக வந்தால் வெட்கத்தில் துப்பாக்கியைப் பரண்மேல் போட்டுவிடுவேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஜூன் 3, செவ்வாய்

மோட்டார் பம்ப் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் பதினெட்டு வருடம் குப்பை கொட்டியவளுக்கு ஒரு ட்ரிகர் வாங்கத் தெரியாதா? மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஒப்பீட்டுத் தாள் போட்டேன். மூன்று சரக்கு.

ஒன்று, ஜெர்மனிச் சாமான். இரண்டு கட்டம், எல்லா திருகும் வெளியிலிருந்தே சரிசெய்யலாம், சென்னை டீலர் வழியாக வரும். விலை முப்பத்தெட்டாயிரம்.

இரண்டு, இத்தாலி. பாதி விலைதான், ஆனால் ஒரே கட்டம். முட்டே கிடையாது. முட்டைத் தேடிப் போகிறவளுக்கு இது எதற்கு?

மூன்று, நம் ஊர். கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ராஜாமணி அண்ணன் தானே கடைந்து செய்கிறார். ஆறாயிரத்து ஐந்நூறு. யமுனா போன மாதம் அதைத்தான் மாட்டினாள். அன்றிலிருந்து அவள் புள்ளி ஏறுகிறது.

எங்கள் கம்பெனிக்கு வரும் பேரிங்கை விரலில் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தே இது தேறும், இது தேறாது என்று சொல்வேன். ஆகவே தொட்டுப் பார்க்காமல் எதையும் தீர்மானிப்பதாக இல்லை. சனிக்கிழமை பட்டறைக்குப் போகிறேன்.

காலையில் காபி டம்ளர் கை நழுவி விழுந்தது. போன வாரமும் ஒன்று. புது டம்ளர்கள் வழவழவென்று இருக்கின்றன, பிடிமானமே இல்லை.

ஜூன் 7, சனி

பட்டறைக்கு யமுனாவும் வந்தாள். சிங்காநல்லூரில் பெட்ரோல் பங்கில் வேலை அவளுக்கு. ஷிப்ட் முடிந்து சீருடையோடு நேரே வந்துவிட்டாள். மாநிலப் போட்டியில் சுட்ட சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு மனுப் போடலாம், வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். போட்டியாளரிடம் இப்படியா மனசைத் திறந்து கொட்டுவது? நல்ல பெண்தான். கொஞ்சம் அப்பாவி.

ராஜாமணி ஒரு ட்ரிகரை மரக்கட்டையில் பொருத்தி என் முன் வைத்தார். இழுத்துப் பார்த்தேன். வந்தது, வந்தது, டிக் என்று விடுபட்டது. நடுவில் ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தேன். அதேதான்.

"முட்டு இல்லீங்களே" என்றேன்.

"ஏனுங் மேடம், முட்டு நல்லாத்தான இருக்குது." அவர் விரலை வைத்து இழுத்து, பாதியில் நிறுத்தி, என்னைப் பார்த்துச் சிரித்தார். "இந்தா நிக்குதுங்களே. வேணும்னா இப்பிடியே நின்னுட்டு டீ குடிச்சுப் போட்டு வரலாம்."

யமுனா இழுத்துப் பார்த்தாள். "கல்லாட்ட நிக்குதுங்க்கா. என்ற ட்ரிகரும் இப்பிடித்தான்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆறாயிரத்து ஐந்நூறுக்குக் கிடைத்ததைக் கல் என்கிறாள். நல்லதைத் தொட்டிருந்தால்தானே வித்தியாசம் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அண்ணா, நான் கொஞ்சம் துல்லியமா எதிர்பார்க்கிறனுங்க" என்றேன்.

அவருக்குக் கோபமில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "விரலுக்கு ஏத்த ட்ரிகர் வாங்கோணுமுங்க. எது உங்களுக்குச் சரிவருதோ அதை வாங்குங்க" என்றார்.

ஜூன் 8, ஞாயிறு

ஜெர்மனிக்குப் பணம் கட்டிவிட்டேன். புள்ளி 610.2.

ஜூன் 14, சனி

வந்துவிட்டது. என்ன பெட்டி, என்ன மெருகு! ஆறு அளவில் திருகுச் சாவி, ஒவ்வொன்றுக்கும் தனிக் குழி. இதைப் பொருத்த ராஜாமணியிடமே கொண்டுபோனேன். தன் சரக்கை வேண்டாம் என்றவள் வேறு சரக்கோடு வாசலில் நிற்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்த மனுஷன். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பொருத்தினார். பிறகு இழுத்துப் பார்த்து, இன்னொரு முறை இழுத்துப் பார்த்து, "நல்ல சாமானுங்க மேடம். முட்டு கணீர்னு இருக்குது" என்றார்.

நான் இழுத்தேன்.

வந்தது, வந்தது, டிக்.

"எப்பிடிங்க?" என்றார்.

"ஆமாங்க, அருமையா இருக்குது" என்றேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அறுபது முறை வெற்றுக்கு இழுத்துப் பார்த்தேன். நாளை இன்னும் பழகும்.

ஜூன் 16, திங்கள்

ரவிக்கைக் கொக்கி மாட்ட இன்று பத்து நிமிடம். இந்தத் தையல்காரர் மலிவுக் கொக்கி வைக்கிறார். நாளைக்கே போய்க் கேட்க வேண்டும்.

நான் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து வலது கையை உதறுகிறேனாம். என் கணவர் சம்பத் சொல்கிறார். மின்வாரியத்தில் இருக்கிறவர், எல்லாவற்றுக்கும் லைன் கோளாறு தேடுவார்.

"கை மரத்துப் போகுதா கோதை?"

"தலைக்கடியில கையை வெச்சுத் தூங்கினா யாருக்கும் மரத்துத்தான் போகும்."

"வண்டி ஓட்டறப்பக்கூட உதறிட்டுத்தான் இருக்கற. டாக்டரைப் பார்த்துப் போடலாம்."

"ஜூலை ஆறு முடியட்டும்."

"முப்பத்தெட்டாயிரத்துக்கு ட்ரிகர் வாங்கியும் முட்டு வரலைன்னு நேத்துப் பொலம்புன. ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணலாம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இருந்தாலும் சுருக்கென்று இருந்தது. இரவு அவருக்கு ரசத்தில் உப்பைக் கூட்டிப் போட்டேன். மிச்சம் வைக்காமல் குடித்தார்.

ஜூன் 19, வியாழன்

யோசித்துப் பார்த்ததில் தவறு ட்ரிகரில் இல்லை, முட்டைத் தேடுகிற என் பழக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. எதற்கு முட்டு? முதல் இழுப்பையே எடுத்துவிட்டால் தேடவே வேண்டாம். திருகு அந்த வசதியோடுதான் வந்திருக்கிறது. விலை கொடுத்தது வீண் போகவில்லை.

சாயங்காலம் முழுக்க அதே வேலை. முதல் கட்டத்தை முழுதாக மூடினேன். ட்ரிகரை இழுக்கத் தேவைப்படும் எடையைத் தொண்ணூறு கிராமிலிருந்து அறுபதுக்குக் கொண்டுவந்தேன். பிறகு நாற்பது. இதற்குக் கீழே அந்தத் திருகு போகாது. நாற்பது கிராம் என்றால் ஐந்தாறு காசுகளை நூலில் கட்டித் தொங்கவிட்ட கனம். விரல் பட்டால் போதும், போய்விடும்.

சுட்டேன். 616.

ஜூன் 22, ஞாயிறு

619.4!

எட்டு வருடத்தில் இப்படி நான் சுட்டதே இல்லை. யமுனா 617.1. மூன்றாம் இடம் என்னுடையது. இன்றைக்குத் தேர்வு வைத்திருந்தால் முடிந்திருக்கும். எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. வண்டியை நிறுத்தி அன்னபூரணி மாமி கடையில் ஒரு கிலோ ஜிலேபி வாங்கிக்கொண்டு போனேன்.

தண்டபாணி சார் என் துப்பாக்கியை வாங்கி எடை வைத்துப் பார்த்தார். புருவம் ஏறியது.

"நாப்பதுங்களா? விதியில தடை ஒண்ணுமில்லைங்க. ஆனா சுட்டு முடிஞ்சதும் விரல் வெளிய இருக்கோணும். மறந்துராதீங்க."

"எட்டு வருசமா என் விரல் வெளியதானுங்க சார் இருக்குது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஜூன் 25, புதன்

காலையில் தோசை ஊற்றும்போது ஆள்காட்டி விரலில் சூடு பட்டிருக்கிறது. ஆபீஸில் பேனா பிடிக்கும்போதுதான் கொப்புளத்தைப் பார்த்தேன். எப்போது பட்டது என்று தெரியவில்லை. காலை நேர ஓட்டத்தில் இதெல்லாம் எங்கே கவனிக்க? எழுத்தும் கோணலாகப் போகிறது, பேனா மாற்ற வேண்டும்.

ஜூன் 28, சனி

கை நடுங்குகிறது. பயத்தில்தான். நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

பயிற்சி. பத்துத் தடத்திலும் ஆள். நான் நான்காவது தடம், யமுனா ஐந்தாவது. இருபத்திரண்டாவது குண்டைப் போட்டு மூடி, துப்பாக்கியைத் தூக்கினேன். அப்போது ஆறாவது தடத்தில் குறி அட்டையை இழுக்கும் கயிறு சிக்கிக்கொண்டது. தண்டபாணி சார் "ஸ்டாப்! எல்லாரும் கீழ வைங்க!" என்றார். கயிறு சரிசெய்ய மாரப்பன் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போனார். ரேஞ்சைப் பராமரிப்பவர் அவர்தான், ஐம்பத்தைந்து வயது, மூன்று பெண்கள். நான் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்தேன்.

டப்.

மாரப்பன் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். செத்தே போனார் என்றுதான் நினைத்தேன். குண்டு அவர் காதுக்கு இரண்டு சாண் தள்ளிப் பலகையில் புதைந்திருந்தது. காற்றுத் துப்பாக்கிதான். ஆனால் கண்ணில் பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

தண்டபாணி சார் திரும்பியபோது நான் கையை எடுத்துவிட்டிருந்தேன். யமுனா மட்டும் இன்னும் துப்பாக்கியைத் தோளில் வைத்தபடி நின்றாள்.

"நான் ஸ்டாப் சொல்றதுக்கு முன்னாலயே சுட்டுட்டனுங்க சார்! காலியாத்தானுங்க இருந்துச்சு! சத்தத்துல அப்பிடியே நின்னுட்டேன்" என்று கத்தினாள்.

எல்லாத் துப்பாக்கியும் திறந்து பார்க்கப்பட்டது. அவளுடையது காலி. என்னுடையதும் காலி. ஒன்பதிலும் பத்திலும் குண்டு இருந்தது, மற்றவை காலி. சத்தம் நான்குக்கும் ஐந்துக்கும் நடுவிலிருந்து வந்தது என்று மூன்று பேர் சொன்னார்கள்.

துப்பாக்கியை வைக்கும்போது என் கையில் ஓர் உதறல் இருந்தது. அது சத்தம் கேட்டுத் திடுக்கிட்டதால்.

ஜூன் 29, ஞாயிறு

மேலே "இருபத்திரண்டாவது குண்டைப் போட்டு மூடி" என்று எழுதியிருக்கிறேன். அவசரத்தில் எழுதியது. போட்டேனா, போடப் போனேனா என்று இப்போது நினைவில்லை. போட்டிருந்தால் துப்பாக்கியைத் திறந்தபோது குண்டு இருந்திருக்க வேண்டுமே. இல்லை. ஆகவே போடவில்லை.

கிளப்பில் முடிவு கட்டிவிட்டார்கள். பட்டறை ட்ரிகர், மலிவு, தேய்ந்து தானாக விடுபட்டிருக்கிறது. இல்லாவிட்டால் யமுனா விரல் உள்ளே இருந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை குழு கூடி விசாரிக்கும்வரை அவள் ரேஞ்சுக்குள் வரக் கூடாது. குழு முடிவு பாதகமாக இருந்தால் ஆறு மாதத் தடை. ஜூலை ஆறு அவளுக்குக் கிடையாது. போலீஸ் வேலையும் கிடையாது.

வண்டி நிறுத்துமிடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க பக்கத்துலதான இருந்தீங்க. நான் சுடலைன்னு சொல்லுங்கக்கா."

"நான் முன்னால பார்த்துட்டு இருந்தேன் யமுனா. எனக்கெப்பிடித் தெரியும்?" என்றேன். பொய் இல்லை. முன்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஜெர்மனிச் சாமான் மாட்டியவளை எதற்குக் கேட்கப்போகிறார்கள்?

ஜூலை 1, செவ்வாய்

ராஜாமணி இன்று கிளப்புக்கு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. பட்டறைச் சட்டையோடு, கையில் ரப்பர் சுத்தியல்.

"என்ற சாமான்ல கோளாறுன்னு சொன்னீங்களாமா. இப்பப் பாருங்க." யமுனாவின் துப்பாக்கியைக் கேட்டு வாங்கினார். குண்டில்லாமல் காற்றை மட்டும் ஏற்றி, கட்டையின் பின்பக்கம் சுத்தியலால் தட்டினார். பிறகு பக்கவாட்டில். பிறகு தரையில் குத்தினார். ஐம்பது தடவை எண்ணினேன். ட்ரிகர் அசையவே இல்லை.

"விரல் படாம இது விடுபடாதுங்க. எந்த ட்ரிகரும் விடுபடாது, நல்லாச் செஞ்சிருந்தா."

தண்டபாணி சார் பெருமூச்சு விட்டார். "அப்ப அந்தப் பொண்ணோட விரல்தானுங்க. ரெண்டுல ஒண்ணு."

ராஜாமணிக்கு முகம் கறுத்துவிட்டது. தன் சாமானைக் காப்பாற்றப்போய் அந்தப் பெண்ணைக் குழியில் தள்ளிவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. போகிறபோது என் பக்கம் திரும்பி, "உங்குளுது எத்தனை கிராமுல வெச்சிருக்கறீங்க மேடம்?" என்று கேட்டார். சும்மாதான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

"தொண்ணூறு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? தண்டபாணி சாரே எடை வைத்துப் பார்த்திருக்கிறார். நல்லவேளை, அதற்குள் அவர் உள்ளே போய்விட்டார்.

ஜூலை 2, புதன்

வீட்டுக் கூடத்தில் சுவரில் புள்ளி வைத்து வெற்றுப் பயிற்சி. காற்றில்லை, குண்டில்லை, தூக்கிக் குறிவைத்து இறக்குவது மட்டும்தான். சம்பத் துணி மடித்துக்கொண்டு பார்த்திருக்கிறார்.

"கோதை, எறக்கறப்ப விரலை எதுக்கு அதுமேலயே வெச்சுட்டு எறக்கற?"

"எதுமேல?"

"ட்ரிகர் மேலதான்."

"வெளிய கட்டைமேல வெச்சிருக்கேன். எங்கயோ பார்த்துட்டுப் பேசாதீங்க."

அவர் எழுந்து வந்தார். "அசையாம நில்லு. இப்பக் குனிஞ்சு பாரு."

குனிந்து பார்த்தேன். கட்டைமேல் இருக்கிறது என்று சத்தியம் செய்திருப்பேன். விரல் ட்ரிகரின்மேல் படுத்துக் கிடந்தது. வேறு யாருடைய விரலோ மாதிரி.

சனிக்கிழமை நடந்ததை அவரிடம் முழுதாகச் சொல்லியிருந்தேன். அவர் போய் மறுபடி துணி மடித்தார்.

களைப்பு. பேச்சுக் கொடுத்துக் கவனத்தைக் கலைத்துவிட்டார்.

ஜூலை 3, வியாழன்

ஆபீஸுக்கு விடுப்பு. ஒரு சரக்குமேல் சந்தேகம் வந்தால் என்ன செய்வோம்? மாதிரி எடுத்துச் சோதிப்போம். போனை நாற்காலியில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்தேன். பத்து முறை தூக்கி, பத்து முறை இறக்கினேன். ஒவ்வொரு முறையும் விரல் வெளியே இருக்கிறது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்த பிறகுதான் இறக்கினேன்.

பத்தில் ஏழு, ட்ரிகர்மேல்.

எங்கள் கம்பெனியில் பத்தில் ஒன்று தவறினாலே லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

வீடியோவை அழித்துவிட்டேன்.

சாப்பிடவில்லை. கூடத்தில் உட்கார்ந்தே இருந்தேன். நாளைக்கு நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை அணியில் இருப்பேன். எட்டு வருடம். அந்த ஒரு இடத்துக்காக எத்தனை விடியற்காலை எழுந்து, எத்தனை கல்யாணங்களுக்குப் போகாமல் இருந்திருக்கிறேன். எனக்கு அது வேண்டும். இப்போதும் வேண்டும். மாரப்பனுக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே என்று ஒரு மனசு சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் கயிறு சிக்கினால் அவர்தானே உள்ளே போவார் என்று இன்னொன்று கேட்கிறது.

ஜூலை 4, வெள்ளி

கிளப் அலுவலகத்தில் சாயங்காலம் ஐந்து மணி. தண்டபாணி சார், குழுவில் இன்னும் இரண்டு பேர், மாரப்பன், ராஜாமணி. யமுனா சுவரோரமாக உட்காராமல் நின்றாள். பெட்ரோல் பங்க் சீருடை, கண் வீங்கியிருந்தது.

முடிவு ஏற்கெனவே தட்டச்சாகி இருந்தது. தண்டபாணி சார் படித்தார். ஐந்தாம் தடத்தில் கவனக்குறைவு. ஆறு மாதத் தடை. கணபதிப் பட்டறையின் ட்ரிகர்களை இனி கிளப்பில் அனுமதிப்பதில்லை.

"மேடம், நீங்க பக்கத்துத் தடம். சாட்சியா ஒரு கையெழுத்துப் போட்டுருங்க" என்று தாளை என் பக்கம் தள்ளினார்.

பேனாவை எடுத்தேன். எடுத்துவிட்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். என் பெயரின் முதல் எழுத்தையும் போட்டுவிட்டேன்.

பிறகு, "சுட்டது நானுங்க சார்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னேன். "என் துப்பாக்கியில குண்டு இருந்துச்சு. நான்தான் போட்டேன். கீழ வைக்கறப்ப என் விரல் ட்ரிகர்மேல இருந்திருக்குது. எனக்குத் தெரியலை."

தண்டபாணி சார் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் கோபமே இல்லை, இரக்கம்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "மேடம், உங்க மனசு தெரியுமுங்க. அந்தப் புள்ளைமேல பரிதாபப்பட்டுப் பழியை ஏத்துக்கறீங்க. உங்குளுது என்ன சாமானுங்க! எட்டு வருசத்துல ஒரு தப்புப் பண்ணுனதில்லை. விரல் எங்க இருக்குதுன்னு தெரியாமயா சுடுவீங்க?"

"தெரியாமத்தானுங்க சார் சுடறேன். மூணு மாசமா."

குழுவில் ஒருவர் சிரித்தார். பேச்சை முடித்துக்கொள்ள எல்லோரும் நாற்காலியை நகர்த்தினார்கள். நம்பவில்லை. வீடியோவை அழித்த கையை வெட்டிப் போடலாம்போல இருந்தது. தாளின் மூலையில் ஒரு குண்டூசி இருந்தது. அதை உருவினேன்.

"யமுனா, இங்க வா."

வந்தாள். ஊசியை அவளிடம் கொடுத்து, வலது கையை மேஜைமேல் நீட்டினேன். "இந்த விரலு. நான் கண்ணை மூடிக்கறேன். எனக்குச் சொல்லாம, நுனியில குத்து. குத்துனதும் 'ஆ'ன்னு சொல்றேன்."

"வேண்டாங்க்கா."

"நல்லாவே குத்து. உன் போலீஸ் வேலைடி அது."

கண்ணை மூடினேன். உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது, மறைக்கவில்லை. சுருக்கென்று வலித்துவிட வேண்டும். வலித்தால் எல்லாம் என் கற்பனை. களைப்பு, பேனா, டம்ளர், தையல்காரர். வலித்தால் ஞாயிற்றுக்கிழமை நான் சுடலாம்.

மின்விசிறிச் சத்தம் கேட்டது. வெளியே ஒரு வண்டி நின்று கிளம்பியது. காத்திருந்தேன். பயப்படுகிறாள், பாவம்.

"குத்து யமுனா. எத்தனை நேரம்?"

பிறகு அவள் அழுகிற சத்தம் கேட்டது.

"குத்திட்டனுங்க்கா. மூணு எடத்துல குத்திட்டேன்."

கண்ணைத் திறந்தேன். விரல் நுனியில் மூன்று சிவப்புப் புள்ளி. ஒன்றிலிருந்து ரத்தம் வழிந்து தாளில் சொட்டியிருந்தது. மாரப்பன் அதையே பார்த்துக்கொண்டு தன் காதைத் தடவினார். தண்டபாணி சார் தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

ராஜாமணிதான் எழுந்து வந்தார். தன் கைக்குட்டையை உதறி என் விரலைச் சுற்றிக் கட்டி முடிச்சுப் போட்டார்.

"ரொம்ப இறுக்கமா இருக்குதுங்களா மேடம்?" என்றார்.

"தெரியலீங்க" என்றேன்.